கொப்பி மட்டும் போன கிளினிக்

புதுச் சப்பாத்து என் இடது காலைக் கடித்த அன்று நான் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கடித்தது எனக்குத் தெரியாது. சப்பாத்துக் கடித்தால் தெரியாத கால் ஒருத்திக்கு இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்கும். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கூடிக் கிடந்தால் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப்போகும். அப்புறம் முள் குத்தினாலும் கால் சொல்லாது, நெருப்புச் சுட்டாலும் சொல்லாது. இதையெல்லாம் அன்றைக்கே மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லக்கூடியவளாகத்தான் நான் இருந்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

என் வேலை கேள்வி கேட்பது. கொழும்பில் ஓர் ஆராய்ச்சிக் குழு இருக்கிறது. சீனி, பிரஷர் என்று ஒருமுறை வந்தால் போகாத வருத்தங்களோடு ஊவா மாகாணத் தோட்டங்களில் வாழ்கிறவர்களுக்கு அந்த வருத்தம் என்ன விலை வைக்கிறது என்று அவர்கள் ஆராய்கிறார்கள். மாத்திரைச் செலவு மட்டுமல்ல. பஸ்ஸுக்கு எவ்வளவு, கிளினிக்கில் காத்திருந்ததால் எத்தனை வேலை நாள் போனது, கூடப் போனவருக்கு எத்தனை நாள் போனது என்பதெல்லாம் அதில் சேரும். இந்தப் பக்கத்தில் அவர்களுக்கு வாயும் காதும் நான்தான். தமிழில் கேட்டு, தாளில் குறித்து அனுப்புவேன். நானே லயத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் ஒரு வாசலிலும் எனக்குத் தேத்தண்ணீர் கிடைக்காமல் போனதில்லை.

எனக்கும் சீனி இருக்கிறது, ஆறு வருடமாக. அதைத் தோட்டத்தில் யாரிடமும் சொல்லமாட்டேன். அவர்கள் கொடுக்கும் தேத்தண்ணீரில் இரண்டு கரண்டி சீனி இருக்கும். வேண்டாம் என்றால் முகம் வாடும் என்று குடித்துவிடுவேன். மாத்திரை விஷயத்தில் எனக்கு வேறு ஒரு சட்டம் இருந்தது. அந்த வெள்ளை மாத்திரை வயிற்றைக் கலக்கும். மலையில் ஏறி இறங்கும் நாளில் வயிறு கலக்கினால் எங்கே ஓடுவது? ஆகவே வேலை நாளில் மாத்திரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஒழுங்காகப் போடுவேன். வாரம் முழுக்கச் செய்ததற்கெல்லாம் அது போதும் என்று என் எண்ணம்.

மாதக் கிளினிக்கும் என் வேலை நாளில்தான் வரும். என் கணவர் ஜோசப் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு, அதன் பேர் இங்கே வேண்டாம், மருந்து எழுதிச் சீல் அடிக்கும் என் கிளினிக் கொப்பியை அவர்தான் கொண்டுபோவார். வீட்டில் விரலைக் குத்திப் பார்த்த சீனி அளவை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். அளவு கூடியிருக்கிறது என்று அங்கே மாத்திரையைக் கூட்டி எழுதுவார்கள். கூட்டியதையும் நான் போடமாட்டேன். அதே நேரத்தில் எங்கோ ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்து, "கிளினிக்குக்கு ஒழுங்காப் போறீங்களா?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

சப்பாத்துக் கடித்து நாலைந்து நாள் போயிருக்கும். ஜோசப் மூக்கைச் சுருக்கிக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"ராணி, வீட்டுக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்கா?"

அலுமாரியை இழுத்துப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தார். கடைசியில் நான் கழற்றிப் போட்ட காலுறையைத் தூக்கினார். அடிப்பக்கம் ஈரமாக, மஞ்சளாக இருந்தது. சின்ன விரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் குற்றி அளவில் புண், சுற்றிக் கறுத்திருந்தது. எனக்கு வலி இல்லை. வலி இல்லாததைப் பார்த்துத்தான் ஜோசப் பயந்தார்.

பதுளை ஆஸ்பத்திரியில் நீள வாங்கில் உட்கார்ந்தோம். முன்னால் இருந்தவர்கள் துண்டைக் கையில் பிடித்தபடி ஒவ்வோர் இடமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். நானும் நகர்ந்தேன். காத்திருக்கும் நேரத்தை என் தாளில் நான் எத்தனையோ பேருக்கு மணிக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அந்த மணிக்குள் இத்தனை பயம் அடங்கியிருக்கும் என்று எழுதும்போது தோன்றியதே இல்லை.

டொக்டர் சிங்களப் பிள்ளை, மொனராகலைப் பக்கத்துக்காரர். எங்களுக்காகத் தமிழ் படித்திருந்தார். ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவார்.

"அம்மா, கண் மூடுங்க. காலைத் தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க."

நைலோன் நூல் மாதிரி ஒன்றைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்துவது அந்தச் சோதனை. எனக்கு மூன்று தடவை தெரிந்தது, மூன்று தடவை சொன்னேன். கண்ணைத் திறந்தபோது ஜோசப் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து இடத்தில் தொட்டதாகப் பிறகு சொன்னார். அடுத்து ஒரு சின்னக் கருவியைக் கணுக்காலில் வைத்து இரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டார் டொக்டர். உஸ், உஸ் என்று கேட்டது. "இது நல்லது. இரத்தம் போகுது," என்றார். அதற்குப் பிறகு கையில் இரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதமாகச் சீனி எந்த அளவில் இருந்தது என்று அந்த ஒரு சோதனை காட்டிக்கொடுக்கும். நேற்று இனிப்புச் சாப்பிடாமல் வந்து அதை ஏமாற்ற முடியாது.

முடிவு வந்ததும் டொக்டர் என் கொப்பியைப் புரட்டினார். மாதாமாதம் சீல், ஒன்றுகூடத் தவறவில்லை. மாத்திரை அளவு இரண்டு தடவை கூட்டி எழுதியிருந்தது.

"கொப்பில எல்லாம் சரி. மருந்தும் கூட. ஆனா சீனி இறங்கல. ஏன் அம்மா?"

வாயைத் திறந்தேன். பக்கத்தில் தாதி நின்றார். நான் ஆராய்ச்சி வேலை பார்க்கிறவள் என்று ஜோசப் ஏற்கனவே பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

டொக்டர் எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே பேசினார். இவ்வளவு மாத்திரைக்கும் சீனி இறங்கவில்லை என்றால் மருந்து என் உடம்பில் வேலை செய்யவில்லை. இன்சுலினும் சேர்த்துத்தான் இறக்க வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் புண் ஆறாது, கிருமி மேலே ஏறும். ஏறவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கையை என் கணுக்காலுக்கு மேலே ஒரு கோடு போல் வைத்துக் காட்டினார்.

"திங்கக்கிழமை சேர்ஜன் பார்ப்பார். அப்ப முடிவு."

அன்று புதன்கிழமை. கால் இல்லாமல் மடுல்சீமையில் லயம் லயமாக ஏற முடியாது. அந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை தெரியாது. அதைவிட, கால் என்னுடையது. எனக்கு அது வேண்டும். வார்ட்டில் சேர்த்துவிட்டார்கள்; கட்டிலில் படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கட்டிலில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. போர்வை ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேள்வி கேட்டுட்டுப் போன மிஸ்தானே?"

பார்த்த முகமாகத்தான் இருந்தது. பேரைச் சொன்னதும் பிடிபட்டது: மாரியாயி. மடுல்சீமையில் ஒரு தோட்டப் பிரிவு. அந்த டிவிஷனை நான் மறக்க முடியாது. அங்கே சீனி வருத்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் கொழுந்து எடுக்கிற பெண்கள். கிளினிக் தவறிய தடவைகள்: இல்லை. கிளினிக்குக்காக இழந்த வேலை நாட்கள்: இல்லை. எல்லாத் தாளிலும் அதே பதில். கொழும்பில் குழுவை நடத்தும் எங்கள் சேர் போனிலேயே குதித்தார். பஸ் ஒழுங்காகப் போகாத ஒரு மூலையில் இப்படி ஒரு டிவிஷன் இருக்கிறது, இதை மற்றத் தோட்டங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டலாம் என்றார். அந்த முன்மாதிரிதான் இப்போது ஒரு கால் இல்லாமல் என் பக்கத்தில் படுத்திருந்தது.

"மாசாமாசம் கிளினிக் போனீங்களேக்கா. அங்க கால யாரும் பாக்கலையா?"

"நான் எங்க போனேன்? கொப்பிதான் போச்சு."

சொல்லிவிட்டு, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். கிளினிக் நாளில் பத்துப் பேர் போனால் பத்துப் பேருடைய பேரும் போச்சு. அதனால் செல்வி என்கிற ஒருத்தி மட்டும் போவாள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நின்று ஆள் கணக்குக் கொடுத்துவிட்டு, எல்லோருடைய கொப்பியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அங்கே பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொன்றுக்கும் "இருக்கேன்" என்பாள். அங்கே இருப்பவர்களுக்கும் தெரியும். திருப்பி அனுப்பினால் அந்த மாதம் ஒருத்திக்கும் மாத்திரை இல்லை என்பதும் தெரியும். ஆகவே சீல் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு கிலோ தங்கள் கூடையிலிருந்து எடுத்துச் செல்வியின் பேரில் போடுவார்கள். அவளுக்கும் முழுப் பேர் விழுந்துவிடும்.

"கங்காணி ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அவரு அந்தப் பக்கம் திரும்பி வெத்தல போடுவாரு. அவரு பொஞ்சாதி கொப்பியும் அந்தப் பைலதான இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் அந்தப் போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்தோம்.

"அன்னைக்கு நான் கேட்டப்ப ஏங்க்கா சொல்லல?"

"எப்புடிச் சொல்ல? கங்காணி கூடவே நின்னாரு. செல்வி தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கிட்டு இருந்தா. நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க. எழுதுனது எங்க போகுமோ, யாரு கண்டா. அவ வேலைக்கு ஒல வெச்சுட்டா?"

அவருடைய மாத்திரைகளும் என்னுடையவை மாதிரித்தான். வேலை நாளில் போட்டால் மலையில் தலைசுற்றும், சரிவில் விழுந்தால் முதுகில் கூடையோடு விழ வேண்டும் என்று காலை மாத்திரையை விட்டுவிடுவாராம். "நீங்க மிஸ், படிச்சவங்க. நீங்கெல்லாம் ஒழுங்காப் போடுவீங்க," என்றார். நான் தலையணையைச் சரிசெய்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்கள் பார்க்க வரும் நேரத்தில் செல்வி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பிஸ்கட் பக்கெட். கால் எடுத்த பிறகு அவள் வருவது அதுதான் முதல் தடவை. கட்டில் அருகே வந்து போர்வையைப் பார்த்தாள். பக்கெட்டை வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே குந்தி அழ ஆரம்பித்தாள்.

"நான் கொப்பியக் கொண்டு போகாட்டி நீங்களே வந்திருப்பீங்கக்கா. வந்திருந்தா கால் இருந்திருக்கும். நான்தாங்க்கா ஒங்க கால வெட்டுனது."

"அடி போடி, கூறுகெட்டவளே." மாரியாயி அக்கா கையை நீட்டி அவள் தலையைப் பிடித்தார். "நீ போகாட்டி நான் போயிருப்பேன்னு யாரு சொன்னா? ஒரு பேர விடுறவளா நானு? மாத்திரையே வராம போன வருசமே போய்ச் சேந்திருப்பேன். எந்திரி. மூக்கத் தொடச்சுக்க. எல்லாரும் பாக்குறாங்க."

பழக்க தோஷம், நான் கேட்டுவிட்டேன். "செல்வி, ஒங்களுக்குச் சீனி எப்புடி இருக்கு?"

"எனக்கா மிஸ்? எனக்குச் சரியா இருக்காம். மாசாமாசம் குத்திப் பாக்குறாங்க. காலத் தூக்கச் சொல்லிப் பாக்குறாங்க. மாத்திரை தலசுத்துதுன்னு சொன்னேன், வேற மாத்திக் குடுத்தாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது. அந்த டிவிஷனில் சீனி சரியாக இருந்தது ஒரே ஒருத்திக்கு. மற்றவர்களுடைய கொப்பியைச் சுமந்து போனவளுக்கு. அவளைத்தான் கிளினிக் டொக்டர் கண்ணால் பார்த்தார். மற்றவர்களுடைய கொப்பியைத்தான் பார்த்தார். என் தாள்களில் இது ஓர் இடத்திலும் இல்லை, ஏனென்றால் அதைக் கேட்கும் கேள்வி என் தாளில் இல்லை.

ஜோசப் என் கட்டில் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டும் மூடிக்கொண்டும் இருந்தார். செல்வி போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நானும் அந்தப் புள்ள மாதிரித்தானே ராணி? மாசாமாசம் நான்தானே கொண்டுபோய் நீட்டுனேன்."

அந்த மனிதர் மூன்று நாளாக ஆட்டோ ஓட்டவில்லை. காலையில் பருப்பும் சோறும் கட்டிக்கொண்டு வருவார், மத்தியானம் வெளியே மரத்தடியில் உட்காருவார், பின்னேரம் மறுபடி வருவார். காலுறையைத் தானே கழுவிக் காயவைத்ததாக மகள் மெர்சி சொன்னாள். அவருக்கு நான் இதையாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

"நீங்க கொப்பியத்தான் கொண்டு போனீங்க. மாத்திரையப் போடாதது நான்."

"என்னது?"

"ஞாயித்துக்கெழம மட்டுந்தான் போடுவேன். மிச்சமெல்லாம் தையல் மெசின் லாச்சிக்குள்ள கெடக்கு."

அவர் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. "டொக்டர்ட்ட சொல்லு," என்றார். "சொல்றேன்," என்றேன். ஆனால் சொல்லவில்லை. அன்று பின்னேரம் டொக்டர் வந்தார், காலைப் பார்த்தார், போனார். கேள்வி கேட்டே பழகியவளுக்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபமாக வராது. வெட்கம் காலைவிடப் பெரிதாக இருந்தது என்று இன்று எழுதும்போது எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உடம்பே என்னைக் காட்டிக்கொடுத்தது. முதலில் விரல்கள் நடுங்கின. பிறகு நெற்றியில் குளிர்ந்த வியர்வை. கூரை விசிறி தூரத்தில் போவதும் வருவதுமாக இருந்தது. யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் எப்படிக் கூப்பிடுவது என்பது மறந்துவிட்டது.

"நர்ஸ் மிஸ்! நர்ஸ் மிஸ்! ஓடியாங்க! இவங்களுக்கு என்னமோ பண்ணுது!"

கத்தியது மாரியாயி அக்கா. ஒற்றைக் காலோடு கட்டிலிலிருந்து இறங்கவும் பார்த்திருக்கிறார். தாதி ஓடிவந்து விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை வாயில் ஊற்றினார். சீனி கீழே விழுந்துவிட்டதாம். கூடினால் மெதுவாகக் கொல்லும். விழுந்தால் உடனே தூக்கிக்கொண்டு போகும். கால் மணித்தியாலத்தில் உலகம் திரும்பி வந்தது.

டொக்டர் வந்து என் மருந்து அட்டையைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு விளங்கவில்லை. கொப்பியில் உள்ள அதே மாத்திரையைத்தான் ஆஸ்பத்திரியிலும் கொடுத்தார்கள்; அது வேலை செய்யாத உடம்பு என்று நம்பித்தான் இன்சுலினையும் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட உடம்பில் சீனி இப்படி விழக்கூடாது.

"வீட்டிலயும் இந்த மாத்திரை எல்லாம் போடுறீங்கதானே அம்மா?"

அந்த நேரம் ஜோசப் உள்ளே வந்தார். கையில் ஒரு பை. அதை என் மடியில் வைத்தார். தையல் மெசின் லாச்சி முழுவதும் அதற்குள் இருந்தது. உறை உறையாக, திறக்காத மாத்திரைகள், ஒவ்வொன்றிலும் என் பேர். நான் பையைத் திறந்து டொக்டரிடம் காட்டினேன்.

"நான் போடுறதில்லைங்க டொக்டர். கிளினிக்குக்கும் போறதில்ல. கொப்பிதான் போகும். இவர்தான் கொண்டு போவாரு. நான் ஒருத்தரையும் ஏமாத்தணும்னு நெனக்கல. வெக்கமா இருந்துச்சு."

சத்தமாகத்தான் சொன்னேன். தாதிக்குக் கேட்டது, அடுத்த கட்டிலுக்கும் கேட்டது. படித்த மிஸ்ஸின் வண்டவாளம் வார்ட் முழுக்கத் தண்டவாளம் ஏறியது. அழுகை வந்தது, அழுதேன்.

டொக்டர் திட்டவில்லை. பைக்குள் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, இது கெட்ட செய்தி இல்ல. நான் நினைச்சேன் மருந்து தோத்துப் போச்சுன்னு. மருந்து தோக்கல. மருந்து இன்னும் தொடங்கவே இல்ல."

பிறகு அவர் அட்டையைத் திருத்தி எழுதினார். இன்சுலினைக் குறைத்தார், வயிற்றைக் கலக்கும் மாத்திரைக்குப் பதிலாக மெதுவாகக் கரைகிற வகையை எழுதினார். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆறு வருடத்தில் ஒரு தடவை நேரில் போய் வயிறு கலக்குது என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும்.

திங்கட்கிழமை சேர்ஜன் வந்தார். டொக்டர் அவருக்குச் சிங்களத்தில் வெகுநேரம் விளக்கினார். எனக்கு அரையும் குறையுமாகப் புரிந்தது. "பெஹெத் கன்னே நே," மருந்து எடுக்கவில்லை, என்ற இடத்தில் சேர்ஜன் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. மருந்துக்கு அடங்குகிற உடம்பு என்றால் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். கறுத்த சதையையும் இரண்டு விரல்களையும் எடுத்தால் போதும், பாதம் இருக்கட்டும். மறுநாள் எடுத்தார்கள். கண் விழித்ததும் முதலில் போர்வையைத்தான் பார்த்தேன். இரண்டு பக்கமும் நுனியில் மேடாக இருந்தது. மெர்சி என் தலையைப் பின்னிக்கொண்டே, "அம்மா, கால் இருக்கு. பாத்தது போதும்," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் மருந்து கட்டுவது மட்டும்தான். ஆஸ்பத்திரி இலவசம். ஆனாலும் வெளியே செய்த ஒரு சோதனை, ஓடாமல் நின்ற ஆட்டோ, மெர்சி வேலைக்குப் போகாத நாட்கள் என்று என் தாளில் உள்ள அத்தனை வரியும் என் வீட்டிலேயே நிரம்பிக்கொண்டு வந்தது. பொழுது போகாத ஒரு பின்னேரம், பையிலிருந்து ஒரு வெறும் தாளை எடுத்து எனக்கு நானே நிரப்ப ஆரம்பித்தேன். மாரியாயி அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க குடுங்க. அன்னைக்கு நீங்க கேட்டீங்க, இன்னைக்கு நான் கேக்குறேன்."

தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு என் குரலிலேயே ஆரம்பித்தார்.

"சொல்லுங்க தங்கச்சி. போன மாசம் கிளினிக்குக்கு நீங்க போனீங்களா, ஒங்க கொப்பி போச்சா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அந்தக் கேள்வியைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்தேன். என்னை அவர் தங்கச்சி என்று கூப்பிட்டதும் அன்றுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போகும் நாளில் அவரிடம் கேட்டேன். "அக்கா, ஒங்க டிவிஷன் கதைய கொழும்புக்குச் சொல்லட்டா?"

"சொல்லுங்க. ஆனா செல்விய மாட்டிவிட்றாதீங்க. வெத்தல போடுற மனுசனையும்."

சேரிடம் போனில் சொன்னேன். முன்மாதிரி என்று அவர் ஏற்கனவே எழுதிவிட்டிருந்தார். "அப்போ நாங்க அளந்தது நோயாளிகள இல்ல, கொப்பிகள," என்றார். தோட்டத்தின் பேரை எடுத்துவிட்டார்கள். மாரியாயி அக்காவின் கேள்வி தாளில் முதல் கேள்வியாக ஏறியது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே பின்னேரத்தில் கிளினிக் வந்தால் ஒருத்தருடைய பேரும் போகாது என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம். மேலே எப்போது வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

நாலு மாதம் கழித்து, அகலமான சப்பாத்துப் போட்டுக்கொண்டு, அந்த டிவிஷன்காரர்கள் போகும் சின்ன ஆஸ்பத்திரிக்குப் புதுத் தாளோடு போனேன். இப்போது தினமும் காலையில் மாத்திரை போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். என் கிளினிக்குக்கு நானே போகிறேன். ஜோசப் வெளியே ஆட்டோவில் இருப்பார், உள்ளே வரமாட்டார்.

வாங்கில் செல்வி பையோடு உட்கார்ந்திருந்தாள். பை மெலிந்திருந்தது. பக்கத்தில் மூன்று பெண்கள்.

"மாசம் மூணு பேரு நேர்ல வர்றாங்க மிஸ். மிச்ச ஆளுகளுக்குக் கொப்பி. வர்றவங்க பேருக்கும் மத்தவங்க கொழுந்து போடுறாங்க," என்றாள். "கங்காணிக்குத்தான் வெத்தலச் செலவு கூடிப்போச்சு."

மேலே இருப்பவர்கள் வாசிக்கும் வரை இவர்கள் காத்திருக்கவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவர் கடைசியில், சுவரில் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "கால் எங்க, காட்டுங்க பாப்போம்," என்றார். சப்பாத்தைக் கழற்றிக் காட்டினேன். மூன்று விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

உள்ளே மேசையில் இருந்தவர் கொப்பி அடுக்கைப் பார்த்துக் குனிந்த தலை நிமிராமல் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் செல்வி "இருக்கேன்" என்றாள்.

"மாரியாயி."

பழக்கத்தில் செல்வியின் வாய் திறந்தது. திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மாரியாயி இல்லையா?"

பின்னால் ஊன்றுகோல் தரையில் தட்டியது.

"இருக்கேங்க. நான்தான் வர்றேன். கொஞ்சம் பொறுங்க."

மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அக்கா மேசைக்கு வந்து சேரும் வரை அடுத்த பேரைக் கூப்பிடவில்லை.